ஜெர்மனியின் கொடி அதுவல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில், மாநிலங்களுக்குத் தனிக்கொடி தேவையா என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. தேவையில்லை என்பது எழுதியவரின் முடிவு. அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் தன் வாதத்துக்கு ஜெர்மனியைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். வலுவான நாடு, ஒரே கொடி, அதனால்தான் ஒற்றுமை என்கிறார். கட்டுரையின் தலைமாட்டில் ஒரு கொடியின் படம். மேலே கறுப்பு, நடுவில் வெள்ளை, கீழே சிவப்பு. ஜெர்மனியின் தேசியக் கொடி என்று அடியில் அச்சிட்டிருக்கிறீர்கள்.

படமும் தவறு, வாதமும் தவறு. படத்தை அச்சுப்பிழைக் கணக்கில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கொடி, ஜெர்மானியக் குடியரசின் கொடியைக் கம்பத்திலிருந்து இறக்கியவர்கள் அதற்குப் பதிலாக ஏற்றிய கொடி. ஒரே கொடி என்பதும் உண்மையில்லை. ஜெர்மனியில் 16 மாநிலங்கள். பதினாறுக்கும் சொந்தக் கொடி இருக்கிறது.

குன்னூரில் அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குக் கொடித் தையல்தான் சோறு போடுகிறது. தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கு, எல்லாக் கட்சிகளின் கூட்டங்களுக்கு, பள்ளி விளையாட்டு விழாக்களுக்கு, ஆகஸ்ட் 15-க்கு என்று தைத்திருக்கிறேன். கோடை சீசன் வந்தால் தங்கும் விடுதிகளுக்குப் பல நாட்டுக் கொடிகள் தேவைப்படும். பக்கத்தில் வெலிங்டனில் வெளிநாட்டு ராணுவ அதிகாரிகள் வந்து படிப்பதால் பிற நாட்டுக் கொடிகளைப் பார்த்துப் பழகிய ஊர் எங்களுடையது. உங்கள் கட்டுரை வெளிவந்த கையோடு ஒரு விடுதி மேலாளர் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சிக்குள் வாசலில் கொடி வரிசை கட்ட வேண்டும், ஜெர்மனிக்கு இதே மாதிரி தைத்துக் கொடுங்கள் அக்கா என்றார். இது வேண்டாம் தம்பி என்றேன். பேப்பரிலேயே வந்திருக்கிறதே என்றார். தைக்க மறுத்து, காரணத்தையும் அவரை உட்காரவைத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, சரியான கொடிக்கே ஆர்டர் கொடுத்தார். அவரிடம் சொன்னது உங்கள் வாசகர்களுக்கும் சேர வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சுருக்காமல் வெளியிட்டால் நன்றி உடையவளாக இருப்பேன்.

ஒரு தையல்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்காக: என் மகன் ஜெர்மனியில் மன்ஹைம் நகரில் வேலை பார்க்கிறான். அவனோடு போய்த் தங்கியிருந்தபோது, என் தொழிலை மனதில் வைத்து, அருகில் இருக்கும் ஹம்பாக் கோட்டைக்குக் கூட்டிப்போனான். ஜெர்மனியின் மூவண்ணக் கொடி பெருங்கூட்டத்தின் நடுவே ஏறிய இடம் அது. அங்கே தொடங்கிய ஆர்வத்தில், கிடைத்ததையெல்லாம் அவன் உதவியோடு படித்து வருகிறேன்.

நீலகிரிக்காரர்களுக்கு ஜெர்மானியர்கள் புதியவர்கள் இல்லை. காசமேஜர் என்ற ஆங்கிலேய அதிகாரி கேத்திப் பள்ளத்தாக்கில் குடியிருந்தார். அவருடைய ஆதரவில் 1846-இல் பாசல் மிஷன் அங்கே வேலை தொடங்கியது. 1849-இல் இறந்தபோது தன் சொத்தை அந்த மிஷனுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். பாசல் இருப்பது சுவிட்சர்லாந்தில் என்றாலும் மிஷன் ஊழியர்களில் மிகப் பலர் வூர்ட்டெம்பெர்க் பகுதி ஜெர்மானியர்கள். படகர்களோடும் தோடர்களோடும் நெடுங்காலம் பழகி, இந்த மலையின் குடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய மெட்ஸ் பாதிரியாரும் அந்த மிஷனைச் சேர்ந்தவர்தான். ஆனால் 1846-இல் கேத்திக்கு வந்தவர்களிடம் உங்கள் தேசியக் கொடி எது என்று கேட்டிருந்தால் அவர்களால் பதில் சொல்லியிருக்க முடியாது. ஜெர்மனி என்று ஒரு நாடு அப்போது இல்லை. ஏறத்தாழ 40 அரசுகள் தளர்வாகச் சேர்ந்த ஒரு கூட்டமைப்புதான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்னரோ பிரபுவோ நகரசபையோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி. வூர்ட்டெம்பெர்க்குக்கு 1816 முதல் கறுப்பும் சிவப்பும். பவேரியாவுக்கு வெள்ளையும் நீலமும். பிரஷ்யாவுக்குக் கறுப்பும் வெள்ளையும். தனிக்கொடிகள்தான் அங்கே மூத்தவை. பொதுக்கொடி பின்னால் வந்தது. கட்டுரையாளர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பொதுக்கொடி துணியில் பிறந்த விதம் என் போன்றவர்களுக்கு மிகவும் நெருக்கமானது. 1813-இல் நெப்போலியனை எதிர்த்துப் பிரஷ்யாவில் லுட்சோ தொண்டர் படை திரண்டது. மாணவர்களும் கைவினைஞர்களும் பல அரசுகளிலிருந்து வந்து சேர்ந்தார்கள். சீருடை கொடுக்க யாரிடமும் பணமில்லை. அவரவர் வீட்டிலிருந்து போட்டுவந்த உடுப்பையே சாயத்தில் முக்கினார்கள். பல நிறத் துணிகளையும் ஒரே நிறமாக்க வேண்டுமென்றால் கறுப்பு ஒன்றால்தான் முடியும். சாயத் தொட்டி அருகே நின்றவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். கழுத்துப் பட்டியிலும் கைமடிப்பிலும் சிவப்பு ஓரம். பித்தளைப் பொத்தான்கள் பொன்னிறம். மூன்று நிறமும் சேர்ந்த கதை இதுதான். பழைய பேரரசின் சின்னமான பொன்னிறப் பின்னணியில் கறுப்புக் கழுகு, அதன் சிவந்த அலகும் நகமும் என்ற நினைவும் பின்னால் இதோடு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் படையில் எலியனோர் பிரோகாஸ்கா என்ற போட்ஸ்டாம் நகரத்துப் பெண், ஆகஸ்ட் ரென்ஸ் என்று ஆண் பெயரில் சேர்ந்து போரிட்டாள். கோர்டே சண்டையில் காயம்பட்டு 1813 அக்டோபரில் இறந்தாள். கொடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவள் பெயரையும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

போரிலிருந்து திரும்பிய மாணவர்கள் 1815-இல் யேனா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் சங்கம் தொடங்கினார்கள். எந்த அரசின் குடிமகன் என்று பாராமல் எல்லோரும் ஒரே சங்கம். அவர்களுக்கு 1816-இல் யேனா நகரத்துப் பெண்கள் ஒரு கொடி தைத்துக் கொடுத்தார்கள். சிவப்பு, கறுப்பு, மீண்டும் சிவப்பு என்று பட்டைகள். நடுவில் பொன் நூலால் ஓக் மரக்கிளை. தைத்த கைகளின் பெயர்களைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1819-இல் அரசுகள் கூடி மாணவர் சங்கங்களுக்குத் தடை போட்டன, பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டன. அப்படி ஜெர்மானிய மூவண்ணம் பிறந்த சில ஆண்டுகளிலேயே அரசுகளின் கண்ணுக்குச் சந்தேகப் பொருளாகிவிட்டது.

ஆசிரியர் அவர்களே, இனி வருவது உங்கள் தொழிலைப் பற்றியது. 1832 மே 27 அன்று ஹம்பாக் இடிகோட்டையை நோக்கி மலையேறிய 20,000 முதல் 30,000 பேரைத் திரட்டியவர்கள் பத்திரிகைக்காரர்கள். சீபன்பைஃபர் ஒருவர், விர்த் இன்னொருவர். விர்த்தின் பத்திரிகையை அந்த ஆண்டு மார்ச்சில்தான் தடை செய்திருந்தார்கள். எழுத்துரிமைக்காகத் தொடங்கிய ஒரு சங்கமே அந்தக் கூட்டத்துக்கு வேர். பெண்களும் வர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதினார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். கூட்டம் தூக்கிப்போன கறுப்பு-சிவப்பு-பொன்னிறக் கொடிகளில் ஒன்று இன்றும் அந்தக் கோட்டையில் இருக்கிறது. ஜெர்மனியின் மறுபிறப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். தோற்று நாட்டைவிட்டு வந்த போலந்துக்காரர்களின் வெள்ளை-சிவப்புக் கொடியும் அந்த மலையில் அன்று பறந்தது. டுர்க்ஹைம் ஊர்த் திராட்சை விவசாயிகள் ஒரு கறுப்புக் கொடியைத் தூக்கி வந்தார்கள். திராட்சை விவசாயி துக்கம் காக்கிறான் என்று அதில் எழுதியிருந்தார்கள். வரியும் சுங்கமும் அவர்களை நசுக்கியிருந்தன. பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு எங்கள் சிறு விவசாயிகள் கறுப்புக் கொடி கட்டியதைப் பார்த்த எனக்கு, அந்த வரியைப் படித்ததும் தொண்டை அடைத்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் தலைவர்களைக் கைது செய்தார்கள். ஜூலையில் அந்த மூன்று நிறங்களை அணிவதற்கே கூட்டமைப்பு முழுவதும் தடை வந்தது. எனவே கறுப்பு-சிவப்பு-பொன்னிறம் என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு கோரிக்கை. நாடு ஒன்றாக வேண்டும், மக்கள் சுதந்திரமாக இருக்க வேண்டும், எழுதுகிறவன் கையைக் கட்டக்கூடாது. மூன்றையும் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

1848-இல் அந்தக் கோரிக்கை வெல்வதுபோல் இருந்தது. மார்ச் 9 அன்று, தடை போட்ட அதே கூட்டமைப்புச் சபை அந்த நிறங்களை ஏற்றுக்கொண்டது. அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்களில் பெர்லின் தெருக்களில் தடுப்பரண் சண்டை நடந்து, பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியம் கையில் மூவண்ணப் பட்டை கட்டிக்கொண்டு குதிரையில் நகர்வலம் வந்தார். பிராங்க்பர்ட்டில் மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். நவம்பரில் கொடிச் சட்டமும் வந்தது. மறு ஆண்டு அதே மன்னர், பிரதிநிதிகள் நீட்டிய மணிமுடியை மறுத்தார். தென்மேற்குப் பகுதிகளான பாலட்டினேட்டிலும் பாடனிலும் எழுந்த கிளர்ச்சியைப் பிரஷ்யத் துருப்புகள் நசுக்கின. பயத்தில் கட்டிய பட்டை பயம் தீர்ந்ததும் கழன்றுவிட்டது.

1866-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதியபோது, பிரஷ்யாவுக்கு எதிராகத் தெற்கிலிருந்து வந்த கூட்டமைப்புப் படையினர் கையில் கறுப்பு-சிவப்பு-பொன்னிறப் பட்டை இருந்தது. வென்றது பிரஷ்யா. வென்றவர்களுக்கு அந்த நிறம் பிடிக்குமா? 1867-இல் வட ஜெர்மானியக் கூட்டமைப்பின் அரசியல் சட்டத்தில், கப்பல்களுக்குப் புதிய கொடி எழுதினார்கள். பிரஷ்யாவின் கறுப்பு-வெள்ளையோடு, ஹாம்பர்க் முதலான துறைமுக நகரங்களின் வெள்ளை-சிவப்பையும் சேர்த்தார்கள். கறுப்பு-வெள்ளை-சிவப்பு வந்தது அப்படித்தான். 1871-இல் உருவான பேரரசு அதையே எடுத்துக்கொண்டது. 1892-இல் முறைப்படி தேசியக் கொடியாக அறிவித்தது. நீங்கள் அச்சிட்ட கொடி இதுதான்.

இதுவரைக்கும் இரண்டு கொடி, இரண்டு காலம் என்று விட்டுவிடலாம். முதல் உலகப்போருக்குப் பிறகுதான் இரண்டும் நேருக்கு நேர் நின்றன. பேரரசு விழுந்தது. 1919-இல் வைமார் அரசியல் சட்டம் கறுப்பு-சிவப்பு-பொன்னிறத்தைக் குடியரசின் நிறங்கள் ஆக்கியது. வணிகக் கப்பல்களுக்கு மட்டும் பழைய கறுப்பு-வெள்ளை-சிவப்பு, அதன் மேல் மூலையில் சின்னதாகப் புதிய மூவண்ணம் என்று சமரசம் செய்தார்கள். யாரையும் முழுமையாகத் திருப்திப்படுத்தாத தையல் அது. குடியரசை வெறுத்தவர்கள் அந்தப் பொன்னிறத்தைக் கடுகு நிறம் என்று ஏளனம் செய்தார்கள். 1922-இல் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவைச் சுட்டுக் கொன்ற பிறகு, குடியரசின் நிறங்களை இழிவுபடுத்துவது குற்றம் என்று சட்டம் போட வேண்டிய நிலைமை வந்தது. 1924-இல் குடியரசைக் காக்கத் திரண்டவர்கள் தங்கள் அமைப்பின் பெயரிலேயே கறுப்பு-சிவப்பு-பொன்னிறத்தை வைத்தார்கள். 1926 மே மாதம், வெளிநாட்டுத் துறைமுக நகரங்களில் உள்ள தூதரகங்கள் வணிகக் கப்பல் கொடியையும் சேர்த்து ஏற்றும்படி ஜனாதிபதி ஹிண்டன்பர்க் ஆணையிட்டார். ஒரே வாரத்தில் சான்சலர் லூதரின் அரசு கவிழ்ந்தது. துணிதானே என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப்பார்க்க வேண்டும். ஒரு துணிக்காக அங்கே அரசு போயிருக்கிறது.

1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். மார்ச் 12 அன்று, கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கொடியையும் ஸ்வஸ்திகா கொடியையும் இனிச் சேர்த்து ஏற்ற வேண்டும் என்று ஆணை வந்தது. குடியரசின் கொடி இறங்கியது. உங்கள் படத்திலுள்ள கொடிக்கும் நாஜிக் கொடிக்கும் உள்ள உறவு இதுதான்: இரண்டும் ஒரே நாளில், ஒரே ஆணையில், ஜோடியாக ஏறின. 1935 செப்டம்பர் 15 அன்று, யூதர்களின் உரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்களோடு வந்த கொடிச் சட்டம் ஸ்வஸ்திகாவை மட்டும் வைத்துக்கொண்டது. அன்று நிறைவேறிய இன்னொரு சட்டம், யூதர்கள் அந்தக் கொடியை ஏற்றக்கூடாது என்றது. தன் குடிமக்களில் ஒரு பகுதியைப் பார்த்து இது உன் கொடி இல்லை என்று எழுத்தில் எழுதிக் கொடுத்த அரசு அது.

இதற்கிடையில் நடந்த ஒன்றைக் கட்டுரையாளர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். 1934 ஜனவரி 30 அன்று நாஜிக்கள் ஒரு சட்டம் இயற்றி, மாநிலச் சட்டசபைகளை ஒழித்தார்கள். மாநிலங்களின் அதிகாரங்களை எல்லாம் பெர்லினுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஒரே கொடி, ஒரே அதிகாரம் என்று இருந்த காலம் எது என்று கேட்டால் இந்தக் காலம்தான். அவர் முன்மாதிரியாகக் காட்ட நினைத்திருப்பது இதை அல்ல என்று நம்புகிறேன்.

1945-இல் தோற்ற ஜெர்மனிக்குக் கொடியே இல்லை. நேச நாடுகள் நாஜிச் சின்னங்களைத் தடை செய்தன. கப்பல்களுக்கு ஏதாவது அடையாளம் வேண்டுமே, அதனால் கப்பல்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் கொடிகளில் ஒன்றை எடுத்து, அதன் ஓரத்தில் முக்கோணமாக வெட்டிவிட்டு ஏற்றச் சொன்னார்கள். கொடியில்லாத நாடு கடலில் எப்படி நிற்கும் என்பதற்கு அந்த வெட்டுத்துணியே சாட்சி.

இப்போது என் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். அந்த இடைவெளியில் மத்திய அரசு என்று ஒன்று இல்லை. முதலில் எழுந்தவை மாநிலங்கள். பவேரியா 1946-இலேயே தன் அரசியல் சட்டத்தை எழுதி, தன் நிறம் வெள்ளையும் நீலமும் என்று முதல் பிரிவிலேயே சொன்னது. ஹம்பாக் கோட்டை இருக்கும் பாலட்டினேட்டைச் சேர்த்து ரைன்லாந்து-பாலட்டினேட் என்ற புதிய மாநிலம் பிறந்தது. அந்த மாநிலத்தின் அரசியல் சட்டம் 1947 மே மாதம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மாநிலத்தின் நிறங்கள் எவை என்று எழுதினார்கள் தெரியுமா? கறுப்பு, சிவப்பு, பொன்னிறம். 1948 மே மாதம் மாநிலச் சின்னத்தோடு அந்தக் கொடியைச் சட்டமாக்கினார்கள். மேற்கு ஜெர்மனி என்ற கூட்டாட்சி பிறந்தது 1949 மே 23 அன்று. கணக்குப் பாருங்கள்: தேசத்துக்குக் கொடி இல்லாத நாளில், தேசத்தின் மூவண்ணத்தை ஒரு மாநிலம் தன் சட்டத்தில் எழுதிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. மாநிலக் கொடி தேசியக் கொடிக்குப் போட்டி என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

கூட்டாட்சியின் அடிப்படைச் சட்டத்தை எழுதிய சபையில் 65 உறுப்பினர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்ததும் மாநிலச் சட்டசபைகள்தான். கொடிக்கு வேறு யோசனைகளும் வந்தன. ஹிட்லரைக் கொல்ல நடந்த 1944 ஜூலை 20 முயற்சிக்குப் பின் தூக்கிலிடப்பட்ட வழக்கறிஞர் யோசப் விர்மர் வரைந்த சிலுவைக் கொடியை அவர் தம்பி கொண்டுவந்து முன்வைத்தார். கடைசியில் 49-க்கு 1 என்ற வாக்கில் பழைய மூவண்ணமே வென்றது. அடிப்படைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் ஏறியது. விர்மரின் கொடியை அண்மைக்காலத்தில் வெளிநாட்டவர் எதிர்ப்பு ஊர்வலங்களில் தூக்கிப்போகிறார்கள். நாஜிகளை எதிர்த்து உயிர்விட்டவர் வரைந்த கொடி அப்படிப் போவதைப் படங்களில் பார்க்க வேதனையாக இருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியும் 1949-இல் அதே மூவண்ணத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பத்தாண்டு இரண்டு நாட்டுக்கும் ஒரே கொடி. 1959 அக்டோபர் முதல் தேதி கிழக்கு, அதன் நடுவில் சுத்தியலும் கவராயமும் தானியக் கதிர் வளையமும் சேர்த்தது. 1960, 1964, 1968 ஒலிம்பிக் போட்டிகளில் இரு தரப்பு வீரர்களும் சிவப்புப் பட்டையில் வெள்ளை ஒலிம்பிக் வளையங்கள் போட்ட கொடியின் பின்னால் போனார்கள். 1989 இலையுதிர் காலத்தில் கிழக்கு ஜெர்மனி மக்கள் தெருவில் இறங்கியபோது, பலர் கையில் நடுவில் ஓட்டை விழுந்த கொடி இருந்தது. சின்னத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டார்கள். புதிய கொடி தைக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் இருந்ததை நீக்கியதும் இரு பக்கத்துக் கொடியும் ஒன்றாகிவிட்டது. 1990 அக்டோபர் 3 அன்று நள்ளிரவில் பெர்லின் நாடாளுமன்றத்தின் முன் ஏற்றிய ஒற்றுமைக் கொடி 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 60 சதுர மீட்டர் துணி காற்றில் இழுக்கும்போது ஓரத் தையல் எவ்வளவு தாங்க வேண்டும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும். குன்னூர் ஆடிக்காற்றில் சாதாரணக் கொடியே முனை பிய்ந்து திரும்பி வருகிறது.

இன்றைய ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்டுவது குற்றவியல் சட்டப்படி குற்றம். அதைக் காட்ட முடியாதவர்கள் கையில் எடுப்பது நீங்கள் அச்சிட்ட கறுப்பு-வெள்ளை-சிவப்பைத்தான். 2020 ஆகஸ்ட் 29 அன்று பெர்லின் நாடாளுமன்றப் படிக்கட்டில் ஒரு கூட்டம் ஏறி நின்றபோது அந்தக் கொடிகளே ஆடின. நாடே அதிர்ந்தது. ஜெர்மனியிலிருந்து வரும் ஒரு விருந்தாளி எங்கள் ஊர் விடுதி வாசலில் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அந்த மேலாளரிடம் கேட்டேன். அவர் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாநிலக் கொடிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தைக்கிறவளுக்கு அவற்றில் தனி மகிழ்ச்சி. பவேரியாவுக்கு இரண்டு கொடி, இரண்டும் சமம்: வெள்ளை-நீலப் பட்டை ஒன்று, வைரக்கட்டங்கள் ஒன்று. கட்டங்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டவை உட்பட 21-க்குக் குறையக்கூடாது. பிரேமன் நகர மாநிலத்தின் சிவப்பு-வெள்ளைப் பட்டைகள் எட்டுக்குக் குறையக்கூடாது, கம்பத்தை ஒட்டிச் சதுரங்கக் கட்டம் வேறு. பொறுமை இல்லாதவர் தைக்க முடியாது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனின் நீலம்-வெள்ளை-சிவப்பு 1840-களில் டென்மார்க் ஆட்சியை எதிர்த்த இயக்கத்தில் பிறந்தது. சாக்ஸனி-அன்ஹால்ட், பாடன்-வூர்ட்டெம்பெர்க் கொடியோடு குழம்பக்கூடாது என்பதற்காகத் தன் பழைய கறுப்பு-மஞ்சளைத் திருப்பி மஞ்சளை மேலே வைத்தது. கீழ் சாக்ஸனியும், பிரான்சின் பிடியிலிருந்து 1957 ஜனவரி முதல் தேதி வந்து இணைந்த சார்லாந்தும், ரைன்லாந்து-பாலட்டினேட்டைப் போலவே தேசிய மூவண்ணத்தின் மேல் தங்கள் சின்னத்தைப் பொறித்துக்கொண்டன. மாநில அரசு அலுவலகங்களில் மாநிலக் கொடி, தேசியக் கொடி, ஐரோப்பியக் கொடி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் பறப்பதை மன்ஹைமில் நானே பார்த்தேன். யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை.

அங்குள்ளது எல்லாம் இங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் மாநிலங்கள் பலவற்றுக்குப் பழைய மன்னராட்சிகளின் வேர் இருக்கிறது; நம் மாநிலங்கள் மொழி வழியாகப் பிறந்தவை. ஆனால் நமக்கும் இந்தப் பேச்சு புதிதில்லை. 1970-இல் முதலமைச்சர் கருணாநிதி தமிழ்நாட்டுக்கு ஒரு கொடியின் வடிவத்தை வெளியிட்டார். கோபுரச் சின்னம் போட்ட அந்தக் கொடியின் மூலையில் தேசியக் கொடியும் இருந்தது. அது நிறைவேறவில்லை. சுதந்திர தினத்தில் கோட்டையில் கவர்னர்தான் கொடியேற்றுவார் என்றிருந்ததை மாற்றக் கேட்டு, 1974 முதல் எல்லா மாநில முதலமைச்சர்களும் தேசியக் கொடியை ஏற்றும் உரிமையைப் பெற்றுத் தந்தவரும் அவரே. மாநிலக் கொடி கேட்ட அதே கைகள் தேசியக் கொடியை ஏற்றவும் உரிமை கேட்டன. இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதற்குக் கோட்டைக் கொத்தளமே சான்று. 2018 மார்ச்சில் கர்நாடக அரசும் தன் கொடி வடிவத்தை அறிவித்தது. என் சொந்த எண்ணத்தை மறைக்கவில்லை: தமிழ்நாட்டுக்கு ஒரு கொடி வந்தால், மூவண்ணத்துக்குப் பக்கத்தில் அதையும் தைத்துப் பார்க்க எனக்கு ஆசை. வேண்டாம் என்பவர்கள் வேறு காரணம் சொல்லட்டும், கேட்கிறேன். ஜெர்மனியை மட்டும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

தாங்கள் செய்ய வேண்டியது ஒன்று. அதே நடுப்பக்கத்தில், அதே அளவில், சரியான படத்தோடு திருத்தம் வெளியிடுங்கள். கிடைமட்டமாக மூன்று சமப் பட்டைகள். மேலே கறுப்பு, நடுவில் சிவப்பு, கீழே பொன்னிறம். அகலம் 3 என்றால் நீளம் 5. செங்குத்தாகக் கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்று வந்தால் அது பெல்ஜியம், அதைப் போட்டுவிடாதீர்கள். நடுவில் கழுகுக் கேடயம் போட்ட படமும் இணையத்தில் கிடைக்கும். அது ஜெர்மன் கூட்டாட்சி அரசு அலுவலகங்களுக்கு மட்டும் உரியது. தனியார் ஏற்றினால் அந்த நாட்டில் அபராதம் உண்டு. அச்சில் பொன்னிறம் வெளிறி எலுமிச்சை மஞ்சளாகிவிடாமல் சற்று அடர்த்தியாக வரும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நான் தைத்த கொடியின் படத்தை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆ. சிவகாமி,
கொடித் தையல் கடை,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.